இடக்கைக்காரப் பிள்ளை

பயிற்சிக்குப் போன முதல் நாளே, சொல்லித்தருகிற அந்தப் பிள்ளை என்னிடம் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நீட்டியது இடக்கை.

இந்த நாட்டுச் சனம் கண்டவுடன் கை கொடுக்கிற சனம்தான். ஆனால் டொக்டரும் சரி, வீட்டுச் சொந்தக்காரனும் சரி, வலக்கையைத்தான் நீட்டுவார்கள். நான் சால்வையைச் சரிசெய்கிற மாதிரி நின்றுகொண்டேன். அவளுடைய கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அதே கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டு, "சரி, தொடங்குவம்" என்றாள். என் வலக்கை தொய்ந்து கிடப்பதைப் பார்த்துத்தான் மற்றதை நீட்டினாளாக்கும் என்று நினைத்தேன். எனக்கு அடுத்து நின்ற கிழவருக்கும் இடக்கையைத்தான் நீட்டினாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு கைதான் என்று சொல்ல வேண்டும். மற்றது சும்மா துணைக்கு.

அவள் பேசியது ஜெர்மன். எனக்கு விளங்கியதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

நெட்டைப் பிள்ளை. வைக்கோல் நிறத் தலைமயிர். முன்பல் ஒன்றில் மூலை உடைந்திருந்தது. பந்து பட்டு உடைந்ததாம். அதை எங்கள் பெண்கள் புதுச் சங்கிலியைக் காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் காட்டுவாள். மணிக்கூடு வலது மணிக்கட்டில். எழுதும்போது கையை நண்டு மாதிரி வளைத்து எழுதுவாள். எழுதிய மையின் மேலேயே கை உரசிப் போகும். அதனால் உள்ளங்கை ஓரம் எப்போது பார்த்தாலும் நீலமாக இருக்கும். அந்த நீலக் கையாலேயே பாண் துண்டைப் பிடித்துக் கடிப்பாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

நான் அங்கே போன காரணத்தைச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு உடம்பைப் பழக்குகிற இடத்திலும் கிடந்து எழும்பி வந்தேன். கால் தப்பிவிட்டது. வாயும் தப்பிவிட்டது. வாய் போயிருந்தால் பான் நகரத்துத் தமிழருக்கு நிம்மதியாக இருந்திருக்கும் என்று மச்சாள் சொல்லுவாள். மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. கணவர் இல்லை இப்போது, மச்சாள் இருக்கிறாள்.

போனது வலக்கை. விரல் மடங்கும். கை நெஞ்சுவரைக்கும் வரும், அதற்கு மேல் வராது. வாய்க்கு எட்டாது.

வாய்க்கு எட்டாது என்பது யாருக்கும் தெரியாது. "கை நல்லாய் வந்திட்டுது" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். மகனுக்கும் அப்படித்தான். வீட்டில் தனியாக, குசினித் திரைச்சீலையை இழுத்துவிட்டு, இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டேன். கரண்டியில் சோறு ருசிக்காது. சில நாள் கரண்டியை வைத்துவிட்டு இடக்கையாலேயே பிசைந்தும் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிந்ததும் அந்தக் கையைச் சவர்க்காரம் போட்டு உரஞ்சிக் கழுவுவேன், ஏதோ களவெடுத்த கை மாதிரி.

நான் யார் என்று இங்கே கேட்டுப் பார்க்கலாம். எந்த வீட்டுக் கலியாணம், எந்த வீட்டுச் சாமத்தியச் சடங்கு என்றாலும் பந்தியில் சோற்றுக் கரண்டி என் கையில்தான். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பரவாயில்லை. படித்தவர்களும் நான் போட்டதைத்தான் சாப்பிட்டார்கள். அப்படிப்பட்டவள் ஒரு சபையில் இருந்துகொண்டு இடக்கையால் எப்படி உண்பது? அதனால் கூப்பிட்ட இடமெல்லாம் விரதம் என்று சொன்னேன். வெள்ளி விரதம், செவ்வாய் விரதம், சனிக்கிழமை விரதம். போவேன், சேலை கட்டிப் போவேன், சாப்பாட்டு மேசைக்கு வரமாட்டேன்.

மச்சாள் ஒரு நாள் ரெலிபோனில் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மச்சாள், புதன்கிழமையும் விரதமாம். புதனுக்கு ஆர் சாமி?"

"நேத்தி வைச்சிருக்கிறன்."

"இப்பிடியே போனால் நாங்கள் உங்களுக்குத்தான் கோயில் கட்டோணும். இஞ்ச ஏற்கெனவே இடம் காணாது."

நானும் சிரித்தேன். ரெலிபோனை இடக்கையில் பிடித்திருந்தேன். நல்லவேளை, அது அவளுக்குத் தெரியாது.

மகன்தான் என்னை அந்தக் குழுவில் சேர்த்தான். பக்கத்துப் பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில், கை கால் பலம் குறைந்தவர்களுக்கு. மற்ற இடங்களில் றப்பர் பட்டியை இழு, பந்தை அமத்து என்பார்கள். இந்தப் பிள்ளை லக்ரோஸ் என்று ஒரு விளையாட்டு விளையாடுகிறவள். தன்னுடைய ஆட்டத்தையே எங்களுக்கும் கொண்டுவந்துவிட்டாள். நீளத் தடி, தடியின் நுனியில் வலைப்பை. வடை பொரித்தெடுக்கிற துளை அகப்பையின் பிடியை இடுப்பளவுக்கு நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. பந்தைக் கையால் தொடக் கூடாது. வலையால்தான் எடுக்க வேண்டும், வலையால்தான் எறிய வேண்டும், வலையால்தான் பிடிக்க வேண்டும். எங்களுக்குச் சிறு பிள்ளைகளின் கட்டைத் தடியும், அடித்தால் நோகாத மெத்தென்ற பந்தும்.

முதல் நாள் நான் காற்சட்டை போட்டிருந்தேன். அது ஒரு வெட்கம். கையில் தடி. அது இரண்டாவது. மண்டபத்துக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே எங்கள் சனம் யாராவது பஸ்ஸுக்கு நின்றால் பார்க்கலாம். நான் முதுகைக் கண்ணாடிக்குக் காட்டியே நின்றேன்.

தடியை எப்படிப் பிடிப்பது என்பதுதான் முதல் பாடம். ஒரு கை மேலே, வலைக்குக் கிட்ட. மற்றக் கை அடியில். தடியைக் காதோரம் நிமிர்த்தி, மேல் கையால் காதுக்கும் மூக்குக்கும் இடையில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டினால்தான் பந்து வலைக்குள் படுத்துக் கிடக்கும். பயந்துபோய் இறுக்கிப் பிடித்தால் உருண்டு விழுந்துவிடும். நான் வலக்கையை மேலே வைத்தேன். எனக்கு வேறு எந்தக் கையை மேலே வைக்கத் தெரியும்? வலக்கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது. தடி வயிற்றுக்கு முன்னால் சரிந்து நின்றது. பந்து விழுந்தது.

"நொக்மால்" என்றாள் பிள்ளை. திருப்பிச் செய் என்று அர்த்தம்.

விழுந்தது.

"நொக்மால்."

ஒரு நாளும் அவள் எனக்குப் பந்தை எடுத்துத் தந்ததில்லை. மற்றப் பயிற்சிக்காரர் குனிந்து எடுத்துத் தருவார்கள், பாவம் பார்ப்பார்கள், முதுகைத் தடவுவார்கள். இவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். உடைந்த பல்லைக் காட்டிக்கொண்டு, ஒரு சேவல் மாதிரித் தலையைச் சரித்துப் பார்ப்பாள். பந்து மண்டபத்தின் அடுத்த மூலைக்கு உருண்டாலும் நான்தான் போய் வர வேண்டும். கெட்ட மனசுக்காரி என்று நினைத்தேன்.

"கையை மாத்திப் பாருங்கோ. இடதை மேல வையுங்கோ."

"ஏலாது."

"ஏன்? உங்கட இடக்கை நல்ல கைதானே."

ஏன் என்று அவளுக்கு ஜெர்மனில் எப்படிச் சொல்வது? தமிழிலும் சொல்லமாட்டேன். "எங்கட வழக்கத்தில இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் தன் நீலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அதில் என்ன குறை என்று தேடுகிற மாதிரி.

என்னோடு சோடியாக நின்றவர் முன்பு ட்ராம் ஓட்டிய ஒரு கிழவர். அவருக்கு இடப் பக்கம் போயிருந்தது, எனக்கு வலப் பக்கம். "நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்" என்று ஒவ்வொரு கிழமையும் சொல்லுவார். ஒவ்வொரு கிழமையும் தானே சிரிப்பார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அவர் பிள்ளையிடம் சொன்னார்:

"உனக்குத் தெரியாது. எங்கட காலத்தில அம்மாமார் 'வடிவான கையைக் குடு' எண்டு சொல்லுவினம். வலக்கைதான் வடிவான கை. மற்றதை நீட்டினால் அடி."

"அப்ப மற்றது வடிவில்லாத கையோ?"

"அப்பிடித்தான்."

பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ர அம்மம்மா இடக்கை ஆள். பள்ளிக்கூடத்தில அந்தக் கையைக் கதிரையோட கட்டி வைச்சவை. அவ சாகுமட்டும் கடிதம் எழுதினதே இல்லை. எனக்குச் சின்னனில சொல்லுவா, உன்ர கையில ஆரும் கை வைச்சால் கடிச்சுப்போடு எண்டு."

"கடிச்சனியோ?" என்று கேட்டேன்.

"ஒரு டீச்சரை."

நான் சிரிக்கக்கூடாது என்று பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

ஆனாலும் மாற்றவில்லை. என் பிடிவாதம் எனக்கு. பிறகு ஒரு நாள் தரையில் கிடக்கிற பந்தை அள்ளுகிற பாடம். முழங்காலை மடக்கி, தடியைத் தாழ்த்தி, மண்வெட்டியால் மண் அள்ளுகிற மாதிரித் தள்ளி எடுக்க வேண்டும். ஒரு பந்துக்கு இரண்டு பேர். ட்ராம் கிழவரும் நானும் ஒன்றாகக் குனிந்தோம். என் கால் அவருடைய காலில் பட்டுவிட்டது.

எங்களுக்கு ஒருவரில் கால் பட்டால் என்ன செய்வோம்? தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். யோசித்துச் செய்கிற காரியமா அது? நான் தடியைக் கீழே விட்டுவிட்டு அவருடைய முழங்காலைத் தொட்டேன். தொட்ட கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். கை நெஞ்சடியில் நின்றுவிட்டது. நானும் விடாமல் தலையைக் குனிந்து கையிடம் கொண்டுபோகப் பார்த்தேன். எட்டவில்லை. கிழவர் அதற்குள் பந்தை அள்ளிக்கொண்டு, "ஹோ!" என்று கத்தியபடி நொண்டி நொண்டி ஓடிவிட்டார். எல்லோரும் அவருக்குக் கை தட்டினார்கள்.

பிள்ளை தட்டவில்லை. என் கை நின்ற இடத்தையே பார்த்தாள். கிட்ட வந்து மெல்லக் கேட்டாள்:

"அந்தக் கை முகத்துக்கு வாறேல்லை. அப்ப நீங்கள் எப்பிடிச் சாப்பிடுறனீங்கள்?"

டொக்டர் கேட்காத கேள்வி. மகன் கேட்காத கேள்வி. எனக்குக் காது சுட்டது. "யா, யா", ஓம் ஓம், என்றேன். விளங்காத இடத்தில் எல்லாம் நான் சொல்லுகிற சொல் அது. விளங்கிய இடத்திலும் சொல்லிவிட்டேன். அவள் தலையைச் சரித்துப் பார்த்தபடி நின்றாள். பிறகு பையிலிருந்து ஒட்டுப்பட்டியை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, என் தடியின் அடியில் தடிப்பாகச் சுற்றினாள். அடியில் பிடிக்கிற கை வழுக்காமல் இருக்கவாம். என் வலக்கையை எடுத்து அந்த அடியில் வைத்தாள். இடக்கையை எடுத்து மேலே வைத்தாள்.

நான் விட்டுவிட்டேன். வெட்கத்தில் எனக்கு எதிர்க்கப் பலமில்லை.

அந்த நிலையில் தடி காதோரம் நிமிர்ந்து நின்றது. ஆட்டினேன். பந்து வலைக்குள் கிடந்தது. இன்னும் ஆட்டினேன். கிடந்தது. கண்ணால் பார்க்காமலே அதன் பாரம் கையில் தெரிந்தது. பிடிக்கவும் அதற்குப் பிறகு பழகினேன். வருகிற பந்தை எதிர்த்து முட்டக் கூடாது. நித்திரையான குழந்தையை ஒருவர் நம் கையில் தரும்போது நாமும் கொஞ்சம் பின்வாங்கி வாங்குவோம் அல்லவா, அப்படித் தடியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். ட்ராம் கிழவர் எறிந்தார், நான் வாங்கினேன்.

எறியத்தான் மனம் வரவில்லை. மேல் கை தள்ள, கீழ்க் கை இழுக்க, பந்து போகும். அது தெரியும். ஆனால் இடக்கையால் ஒரு மனிசருக்கு நேரே ஒன்றைக் கொடுப்பதா? அவர் வயதான மனிசர் வேறு. நான் பந்தைத் தரையில் இறக்கி, தடியால் அவர் பக்கம் உருட்டிவிடுவேன். "நான் என்ன பூனையோ?" என்று கிழவர் கத்துவார். கடைசியில் பிள்ளையே எனக்கு எதிரே வந்து நின்றாள். "எனக்கு எறியுங்கோ. நானும் அந்தக் கைதானே. எங்கள் ரெண்டு பேருக்கும் மரியாதை இல்லை." எறிந்தேன். பந்து அவளுடைய வலைக்குள் போய் 'தப்' என்றது. அவள் துள்ளினாள். நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், வெளியே யாரும் நிற்கிறார்களோ என்று.

கோடை வர அவளுக்கு வடக்கே, கடற்கரைப் பக்கம் வேலை கிடைத்தது. போவதற்கு முதல் ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்று மகன் பிடிவாதமாய் நின்றான். "உங்கட கையைச் சுகமாக்கின பிள்ளை, அம்மா." எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சமைக்க மச்சாள் வந்தாள். எல்லாம் மரக்கறி. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சொதி, அப்பளம்.

"எனக்கு விரதம்" என்றேன்.

"ஞாயிறுமோ!" என்றாள் மச்சாள். "சூரியன் ஒருத்தர்தான் மிச்சமாய் இருந்தார், அவரையும் பிடிச்சிட்டா. விரதக்காரரும் ஒரு நேரச் சோறு சாப்பிடலாம். எல்லாம் சைவம்தானே, இருங்கோ." தட்டைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

நான் வலக்கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். பிசைய அந்தக் கைக்குத் தெரியும்.

பிள்ளை கரண்டி வேண்டாம் என்றாள். நாங்கள் உண்பது போலவே உண்ண வேண்டுமாம். இடக்கையை அப்படியே சோற்றுக்குள் வைத்தாள். பருப்பும் சோறும் குழைத்து அழகாகத்தான் வாயில் வைத்தாள். மச்சாளுடைய கண் பெரிதானது.

"ஐயோ, பீச்சக்கையால எல்லோ சாப்பிடுது!" தமிழில் சொன்னாள், சிரித்த முகத்தோடு, பிள்ளைக்கு விளங்காதபடி. "கழுவுற கையைச் சோத்துக்குள்ள வைக்குது. எனக்கு வயித்தைப் பிரட்டுது மச்சாள்."

"மாமி, அவ இடக்கை ஆள். சும்மா இருங்கோ" என்றான் மகன்.

"ஆளெண்டால் என்ன? கை அந்தக் கைதானே."

பிள்ளை எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். என் இடக்கை மடியில் கிடந்தது. மச்சாள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அதன் மேல் விழுந்தது. எனக்கு அந்தப் பேச்சு நிற்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். "வலக்கை, பிள்ளை" என்று ஜெர்மனில் சொன்னேன். "எங்கட ஆக்கள் வலக்கையாலதான்."

அவள் கோபிக்கவில்லை. "ஓ!" என்றாள். இடக்கையைத் துடைத்துவிட்டு வலக்கையை வைத்தாள். அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது. சோறு நாடியில் ஒட்டியது, மடியில் கொட்டியது, பருப்பு மணிக்கூட்டுக்குள் போனது. கூச்சமே இல்லை அவளுக்கு. தானே சிரித்தாள். மச்சாளும் இளகிவிட்டாள். "பாவம், பால்குடி மாதிரி."

பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் காட்டுங்கோ. நான் பாத்துச் செய்யிறன்."

வேண்டுமென்றே கேட்டாளா? அந்தக் கை முகத்துக்கு வராது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். மறந்துவிட்டாளா, நினைத்துக்கொண்டேதான் கேட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளுடைய முகத்தில் களவு இல்லை. மண்டபத்தில் பந்து விழும்போது எப்படி நிற்பாளோ, அப்படி இருந்தாள்.

"காட்டுங்கோவன் அம்மா" என்றான் மகன்.

நான் ஒரு பிடி எடுத்தேன். தூக்கினேன். நெஞ்சடியில் நின்றது. கழுத்தை வளைத்துக் குனிந்தேன், வாயைத் திறந்தும்விட்டேன். சோறு சேலையில் விழுந்தது. வாய் திறந்தபடி இருந்தது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மூட நேரம் எடுத்தது.

வெளியே ட்ராம் போனது.

"அம்மா, கை வாறேல்லையோ?" மகன் கேட்டான். "எப்பயிலயிருந்து?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? இடக்கையை மேசைக்கு மேல் எடுத்தேன். தட்டுக்குக் கொண்டுபோனேன்.

"நில்லுங்கோ மச்சாள்!"

மச்சாள் எழும்பிக் குசினிக்குள் போனாள். தடுக்கத்தான் போகிறாள், கரண்டி கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்தேன். செம்பில் தண்ணீரும் ஒரு சட்டியும் கொண்டுவந்தாள்.

"சாப்பிட முதல் கை கழுவோணும். தாங்கோ."

இடக்கையை மணிக்கட்டில் பிடித்து, சட்டிக்கு மேலே நீட்டி, தண்ணீர் ஊற்றினாள். விரல் இடுக்கெல்லாம் தன் விரலால் தேய்த்தாள். என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்:

"எத்தினை வீட்டுக் கலியாணத்தில வெறும் வயித்தோட எழும்பிப் போனனீங்கள். ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம்."

சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, தன் இடத்தில் போய் இருந்தாள்.

சாப்பிட்டேன். மகன் தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சாள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் இரண்டு பேரும் என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்க முடியாத வெட்கமாக இருந்தது. தலை நிமிரவில்லை.

பிள்ளை மட்டும் பார்த்தாள். நாடியில் பருப்புக் காய்ந்திருக்க, மறுபடியும் தன் இடக்கைக்கு மாறி, மென்றுகொண்டே, என்னை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.